பியூஸ் கட்டையில் சுற்றிய செம்புக் கம்பி

மகனுக்கு,

நேற்றுக் காலை துறைமுகச் சாலை ஓரம் உன் லாரியை நிறுத்தி எனக்குச் சுற்றிக் காட்டினாய். பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட வண்டி என்றாலும் டயர் நன்றாக இருந்தது, எஞ்சின் சத்தத்திலும் குறை இல்லை. நானும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் பியூஸ் கட்டை கண்ணில் பட்டது. இரண்டு கவ்விகளுக்கும் நடுவே பியூஸ் என்கிற கண்ணாடிக் குழல் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தாய். இது என்ன என்று கேட்டேன். "எல்லா லாரியிலயும் இப்படித்தாம்ப்பா. இல்லன்னா நடுவழியில நிக்கணும்" என்று சிரித்தாய். நான் திரும்பி நடந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நீ நினைத்திருப்பாய். உப்புக் கிட்டங்கிக்குப் பின்னால் போய் நின்று வாந்தி எடுத்தேன். அந்த வழியாகப் போனவர்கள் கருவாட்டு வாடை தாங்காமல் எடுக்கிறேன் என்று எண்ணியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை நீ உப்பு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிறாய், அங்கேயே ஷெட் பிடித்து இருக்கப் போகிறாய். போவதற்கு முன் உனக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்கு எந்த நாளும் வந்ததில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உன் அம்மா உன் கையில் தருவாள். லாரியில் உட்கார்ந்து வாசிக்காதே, வீட்டில் இருந்து வாசி.

பியூஸ் என்பது சாவதற்கென்றே வண்டியில் வைத்த சாமான். கம்பியில் தாங்க முடியாத மின்சாரம் ஓடினால் அது முதலில் உருகி அறுந்து, கம்பியையும் வண்டியையும் காப்பாற்ற வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற கட்டை அதைவிட முக்கியம், ஏனென்றால் பியூஸ் நல்லதாக இருந்து கட்டை கெட்டதாக இருந்தால், கவ்வி தளர்ந்த இடத்தில் சூடேறி, தப்பே இல்லாத நேரத்திலும் பியூஸ் போகும். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை போகும். பத்தாவது தடவை போகும்போது மனிதனுக்கு எரிச்சல் வந்து, போகாத ஒன்றை அந்த இடத்தில் வைப்பான். நீ வெள்ளிக் காகிதம் வைத்தாய். நான் வைத்தது செம்புக் கம்பி. உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லாமல் போனது அதனால்தான்.

யுத்த காலத்தில் நம்மிடம் இருந்த பஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். பெட்ரோல் கிடைக்காமல் பின்பக்கம் கரி உலை பொருத்தி, தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்குமாக ஓட்டினோம். டிரைவர் சவரிமுத்து, புன்னைக்காயல்காரர். உலைக்குக் கரி போடுவதும் சாம்பலைக் கிளறி எடுப்பதும் மாசானம். உன்னைவிட இருபது வயது மூத்தவன். அவனுக்குப் பெண்டாட்டி செத்துப்போய், ஒரு பெண் குழந்தையை அக்காள் வீட்டில் விட்டிருந்தான். அந்த வண்டியின் வயரிங் முழுவதும் என் கையால் செய்தது. அதில் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. வேறு மெக்கானிக்கைத் தொட விட்டதில்லை.

பழைய பியூஸ் கட்டை வெடித்துப் போனபோது புதிது வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். சீமைச் சாமான் வருவது நின்றிருந்த நேரம். ஒரு கடைக்கார அண்ணாச்சி பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, ஏதோ கொற்கை முத்தைக் காட்டுகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கவ்வி மஞ்சளாக மின்னியது. அசல் பித்தளை, கப்பலில் வந்தது என்றார். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். அதை எடுத்து ஒட்டிப் பார்த்திருந்தால் போதும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, இரும்பு ஒட்டும். அவர் முன்னால் சோதித்தால் மனம் கோணுவாரே என்று கூச்சப்பட்டுப் பேசாமல் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தேன். டக்கென்று ஒட்டியது. இரும்புத் தகட்டுக்கு மஞ்சள் பூச்சு. அடிக்கட்டை சூடு தாங்குகிற பேக்கலைட் என்று சொன்னதும் பொய், கறுப்புச் சாயம் ஏற்றிய அட்டை. நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. திருப்பிக் கொண்டுபோய் அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். நான் அதையே கொண்டுபோய் வண்டியில் மாட்டினேன். மறுநாள் வண்டி ஓட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் புத்தியில் இருந்தது.

நீ கட்டை வாங்கும்போது கூச்சப்படாதே. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காந்தம் ஒட்டிப் பார். கண்ணாடிக் குழலை அதில் பத்துத் தரம் மாட்டிக் கழற்று. பத்தாவது தரமும் முதல் தரம் போல விரலை எதிர்த்துக் கவ்வுகிறதா என்று பார். இளகிக் கொடுத்தால் வேண்டாம், அது அப்புறம் இறுகாது. கம்பியைப் பிடிக்கிற திருகாணியை முடுக்கிவிட்டுக் கம்பியைப் பலமாக இழு. கையோடு வந்தால் வேண்டாம். அடிக்கட்டையைத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைக்கச் சம்மதிக்காத கடையில் எதையும் வாங்காதே. உப்பு லாரிக்கு இதெல்லாம் இரட்டிப்பு அவசியம். உன் வண்டியில் மூட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். நல்ல பித்தளையே ஒரு மாசத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பூச்சு இரும்பு பத்து நாள் தாங்காது.

நான் செய்த இரண்டாவது தப்பு, அந்தக் கட்டையைக் கொண்டுபோய் வைத்த இடம். பாட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் இருக்க வேண்டும் என்பது சரிதான், நடுவில் காவல் இல்லாத கம்பி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதற்காகப் பாட்டரிப் பெட்டிக்குள்ளேயே வைப்பதா? முன்வரிசை பெஞ்சுக்கு அடியில் பாட்டரி இருந்தது. அதன் திராவக ஆவி படும் இடத்திலேயே கட்டையைத் திருகினேன். அங்கிருந்து ஹாரனுக்குப் போகிற கம்பியை ஒரு இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு நுழைத்தேன். ஓட்டையின் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும். வளையம் கிடைக்கவில்லை. பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டியிருந்தால் கால் மணி நேர வேலை. அதையும் செய்யவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

மூன்று வாரத்தில் ஹாரன் அடிக்கடி ஊமையாகத் தொடங்கியது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பியூஸ் போனது. சவரிமுத்து நாளுக்கு ஒரு தடவை வந்து சொன்னார். எனக்குப் புரிந்திருக்க வேண்டும், குலுங்கும்போது போகிறதென்றால் எங்கேயோ கம்பி தோல் உரிந்து இரும்பில் படுகிறது என்று. நான் கட்டையைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரரை மனதுக்குள் வைதேன், கம்பியை ஒரு தடவைகூட விரலால் தடவிப் பார்க்கவில்லை. கட்டையும் கெட்டது, கம்பியும் கெட்டது. ஒரு நோய் தெரிந்ததும் இன்னொன்றைத் தேடாமல் விட்டேன். கண்ணாடிக் குழல்களும் தீர்ந்தன, ஊரில் எங்கும் இல்லை. அன்று காலை பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு செம்புக் கம்பியை உரித்து, நாலு இழை சேர்த்து முறுக்கி, அந்தக் கவ்வியில் இறுக்கிச் சுற்றினேன். "இனி போகாது, எடும்" என்றேன்.

சவரிமுத்து குனிந்து பார்த்தார். "போறதுக்குத்தானே அத வச்சிருக்கு அண்ணாச்சி" என்றார்.

"ஒமக்கு ஓட்ட மட்டும் தெரிஞ்சா போதும்" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னேன். அவர் ஏறி வண்டியை எடுத்தார். பதினோரு நாள் வண்டி நிற்காமல் ஓடியது. ஹாரன் ஜோராக அடித்தது. எனக்கு ஒரே பெருமை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் முக்காணி தாண்டி ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. சவரிமுத்து பிரேக் போட்டு ஹாரனை அழுத்திப் பிடித்திருக்கிறார். தகட்டு ஓட்டையில் தேய்ந்து தோல் போன கம்பி இரும்போடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் குழல் இருந்திருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அறுந்திருக்கும், ஹாரன் ஊமையாகியிருக்கும், அதோடு முடிந்தது. என் செம்பு அறுபடவில்லை. பெஞ்சுக்கு அடியில் ஒரு முழக் கம்பி பழுக்கக் காய்ந்து, மேல் சுற்றியிருந்த ரப்பரும் நூலும் பற்றிக்கொண்டன. பக்கத்திலேயே கரி மூட்டை. மேலே தேங்காய் நார் அடைத்த மெத்தை. பெண்கள் உட்காருகிற வரிசை அது.

ஆத்தூரிலிருந்து வந்து வெற்றிலை விற்கிற பேச்சியம்மாள் கூடையை இறக்கிக் காலுக்கு நடுவே வைத்து, சேலையை முழங்கால் வரை சுருட்டி உட்கார்ந்திருந்தாள். காலி வெற்றிலைக் கூடை. அது பெஞ்சுக்கும் முன் பலகைக்கும் நடுவே சிக்கிக்கொண்டதில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மற்றவர்கள் ஜன்னல் வழியாகவும் பின் கதவு வழியாகவும் குதித்துத் தப்பினார்கள். சவரிமுத்து இரண்டு கையையும் தீக்குள் விட்டுக் கூடையை முறித்து அவளை இழுத்து வெளியே போட்டார். பின்னாலிருந்து மாசானம் ஓடி வந்து, உலையில் ஊற்ற வைத்திருந்த தண்ணீரை அவள் மேல் ஊற்றினான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அவள் செத்தாள். சவரிமுத்தின் உள்ளங்கைகள் ஆறின பிறகும் விரல் மடங்கவில்லை. அவர் அப்புறம் ஸ்டியரிங் பிடிக்கவே இல்லை.

இதுவரை நடந்தது என் அசட்டையாலும் அவசரத்தாலும் நடந்தது. இனிமேல் சொல்லப்போவது நான் தெரிந்து செய்தது.

நான் போய்ச் சேருமுன்பே ஜனங்கள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். முக்காணியில் மாசானம் உலையைக் கிளறி, பாதி எரிந்த கரியை அணைத்துத் திரும்ப மூட்டையில் போட்டதைப் பலர் பார்த்திருந்தார்கள். கரியை வீணாக்காதே, அணைத்துத் திரும்ப எடு என்று அவனுக்கு உத்தரவு போட்டதும் நான்தான். சரியாக அணைக்காமல் ஒரு நெருப்புக் கங்கை மூட்டையில் போட்டுவிட்டான் என்று பேச்சுக் கிளம்பியது. அவனை நாலு பேர் பிடித்து அடித்தார்கள். மூன்று தரம் தண்ணீர் தெளித்தேன் என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது.

மறுநாள் வண்டி இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால், ஷெட்டுக்கு இழுத்து வந்திருந்த எரிந்த பஸ்ஸுக்குள் நான் தனியாக ஏறினேன். பெஞ்சு இல்லை, மெத்தை இல்லை. பாட்டரியும் பக்கத்துத் தகட்டில் பியூஸ் கட்டையின் மிச்சமும் இருந்தன. அட்டை வெந்து சுருண்டிருந்தது, கவ்விகள் கறுத்திருந்தன, அவற்றுக்கு நடுவே என் செம்பு மட்டும் முறுக்குக் கலையாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் அழவில்லை. என் கை தானாக வேலை செய்தது. செம்பை அவிழ்த்து மடியில் செருகினேன். ஷெட்டில் கிடந்த, எப்போதோ அறுந்துபோன கண்ணாடிக் குழல் ஒன்றை எடுத்து வந்து, புகையில் புரட்டி, அதே கவ்வியில் மாட்டினேன்.

இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தார். என்னையே அந்தக் குழலைக் கழற்றித் தரச் சொன்னார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பியூஸ் அறுந்திருக்கிறது, அது தன் வேலையைச் செய்திருக்கிறது, வயரிங்கில் கோளாறு இல்லை என்று எழுதினார். நெருப்பு எங்கே ஆரம்பித்தது என்று குனிந்து பார்க்க அவருக்கு உடம்பு வளையவில்லை. எனக்கு அவர் மேல் வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது. ஏமாற்றுகிறவனுக்கு ஏமாறுகிறவன் மேல் வருகிற அருவருப்பு அது, அதைவிட அசிங்கம் வேறு இல்லை. அன்று சாயங்காலம் மற்ற பஸ் முதலாளிகள் நம் வீட்டுக்கு வந்து, நல்ல வேளை, கரிக்காரனோடு போயிற்று என்று என் தோளைத் தட்டினார்கள். உன் அம்மா அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். நீயும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய்.

கோர்ட்டில் வயரிங் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். சத்தியம் செய்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்றேன். மாசானம் கூண்டில் நின்று வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். ஆறு மாசம் தண்டனை போட்டார்கள். சவரிமுத்தைக் கையில் கட்டோடு கொண்டுவந்து சாட்சி சொல்ல வைத்தார்கள். ஆடு குறுக்கே வந்ததையும் புகை வந்ததையும் கேட்டார்கள், அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவேன், கேட்காவிட்டால் சொல்ல எனக்குப் பெலன் இல்லை என்று அவர் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார். வழக்கு முடிந்து ஊருக்குப் போகும்போது ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். "மாதா கோயில் சாமியார்ட்ட எம் பங்குக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் அண்ணாச்சி. ஒங்க பங்க நீங்கதான் பண்ணணும்."

நான் பண்ணவில்லை. மாசானம் ஜெயிலிலிருந்து வந்து ஏதாவது வேலை கிடைக்குமா என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. உனக்கு அப்போது பதினெட்டு வயது. உன் சிநேகிதர்களோடு நின்றிருந்தாய். "பஸ்ஸக் கொளுத்தி ஒரு பொம்பளயக் கொன்னுட்டு வெக்கமில்லாம வந்து நிக்கான் பாரு" என்று சத்தமாகச் சொல்லி, அவன் காலடியில் காறித் துப்பினாய். உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். மாசானம் தலையைத் திருப்பி, டீக்கடையில் நின்ற என்னைப் பார்த்தான். பத்தடி தூரத்தில்தான் நின்றேன். ஏலே, நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் டீயைக் கடைசி மடக்கு வரை குடித்து முடித்தேன். என் வாழ்நாளில் செய்ததிலேயே அந்தச் செம்பை அவிழ்த்ததுதான் மோசமா, அந்த டீயைக் குடித்ததுதான் மோசமா என்று எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. அப்பா பக்கம் நின்று பேசிய பிள்ளை என்று அன்று உன்னை நினைத்து உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதையும் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நான் எந்த வண்டியைத் தொட்டாலும் பியூஸ் கட்டையைத்தான் முதலில் பார்த்தேன். மாசத்துக்கு ஒரு தரம் பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, குழல்களை வெளியே எடுத்து, கவ்வியின் உட்புறக் களிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒரு பொட்டு வாசலீன் தடவினேன். அரை மணி ஓட்டியபின் விரலால் தொட்டுப் பார்த்தேன், சுட்டால் கவ்வி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹாரனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்தேன். எஞ்சின் சூடும் பாட்டரி ஆவியும் சக்கரம் தெறிக்கிற தண்ணீரும் படாத இடத்தில், டிரைவர் கைக்கு எட்டுகிற உயரத்தில், மூடி போட்டு வைத்தேன். ஒரே அளவுக் குழல் ஆறு எப்போதும் கையிருப்பு. ஒன்று போனால் ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் அடுத்ததை மாட்டியதில்லை. கெட்டிக்கார மெக்கானிக், ரொம்ப ஜாக்கிரதை என்று ஊரில் பேர் வாங்கினேன். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் வாயில் களிம்பு ருசி தட்டும். நீயும் இவை எல்லாவற்றையும் செய். செய்துவிட்டால் என்னைவிட நல்லவனாகிவிட்டோம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. நான் இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துகொண்டேதான் வாயை மூடியிருந்தேன்.

இன்று காலை முதல் பஸ்ஸில் ஒட்டப்பிடாரம் போனேன். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் உடைமரக் காட்டில் மாசானம் கரிமூட்டம் போடுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்து நடந்துபோய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. விறகை அடுக்கி மேலே மண் பூசிய மூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அவன் சேறு குழைத்து வெடிப்புகளை அடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "வாங்க" என்றான். வேலையை நிறுத்தவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை வாங்கியது, செம்பு சுற்றியது, அதை அவிழ்த்துக் கண்ணாடியை மாட்டியது, கோர்ட்டில் பொய் சொன்னது. நான் சொல்லி முடித்த பிறகு அவன் கையிலிருந்த சேற்றால் ஒரு வெடிப்பைப் பூசி முடித்தான்.

"தெரியும் அண்ணாச்சி" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூட்டையை எடுக்கவும் வைக்கவும் தினம் அந்தப் பெஞ்சுக்கு அடியில் குனிந்தவன் அவன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று போலீஸ் அவனையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது, நான் கவனிக்கவில்லை. "முந்தின நாளு செம்பு கெடந்த எடத்துல அன்னிக்குக் கண்ணாடி கெடந்துச்சு. அங்கனயே புரிஞ்சுபோச்சு."

பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கரி அள்ளுதவன் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். கோர்ட்டுல ஒங்க மொகத்தையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். பஸ் ஸ்டாண்டுலயும் பாத்தேன்." குரல் உயரவே இல்லை. ஒரு கை சேற்றை எடுத்து அப்பினான். "தம்பிகிட்டச் சொல்லியாச்சா?"

இல்லை என்றேன்.

"அப்ப இன்னும் ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்லுதிய."

என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவன் காலைத் தொடக் குனிந்து ஒரு அடி முன்னால் வைத்தேன். மூட்டத்தின் ஓரம் அது. மேல் மண் நொறுங்கிக் கால் உள்ளே இறங்கத் தொடங்கியது. மாசானம் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே இழுத்துப் போட்டான். "அங்கன மிதிக்காதிய, கீழ நெருப்பு கெடக்கு" என்றான். பிறகு என்னைப் பிடித்த கையை வேட்டியில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டான். கரியிலும் சேற்றிலும் அத்தனை நேரம் வேலை செய்தவன் அதற்கு முன் ஒரு தரமும் கையைத் துடைத்து நான் பார்க்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொம்பள செத்ததும் ஒங்களாலதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இலையைப் போட்டு, சோறு வைத்து, அடுக்களைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். இதை எழுதும்வரை அது திறக்கவில்லை.

நாளைக் காலை ஆத்தூர் போகிறேன். பேச்சியம்மாளின் புருஷன் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறான், அவனிடம் சொல்லிவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷன். பழைய வழக்கு, போங்கள் என்று திருப்பி அனுப்பினால் கோர்ட்டில் எழுதிக் கொடுப்பேன். என்னைக் காப்பாற்ற வக்கீலைத் தேடி அலையாதே. வெள்ளிக்கிழமைப் பயணத்தையும் நிறுத்தாதே, ஆனால் நல்ல கட்டை மாட்டாமல் வண்டியை எடுக்காதே. இந்தக் கடிதத்தை யார் கேட்டாலும் காட்டு. அன்று பஸ் ஸ்டாண்டில் உன்னோடு நின்று சிரித்தவர்களுக்கு அவர்கள் கேட்காமலே காட்டு.

மாசானத்தைப் பார்க்கப் போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அது உன் வேலை இல்லை. அவன் காலடியில் துப்பியது மட்டும்தான் உன்னுடையது. அதை மட்டும் கேள். மற்ற அத்தனையும் என்னுடையது.

உன் அப்பா